சர்வர் ரூமில் ஒரு தொட்டிப் பாசி

இருபத்தாறு வயதில் ஓய்வு பெறுகிறேன். சிரிக்க நினைப்பவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். ராஜினாமா என்று எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டேன். வெளியில் ஓய்வு என்றுதான் சொல்லிக்கொள்வேன், கெத்தாக இருக்கிறது. என் நாற்காலியில் உட்காரப் போகும் உங்களுக்கும், லேப் பக்கம் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கும் இதைக் கமுதி பஸ்ஸில் உட்கார்ந்து கட்டைவிரலால் அடித்துக்கொண்டிருக்கிறேன். பிழை இருந்தால் ரோட்டைத் திட்டுங்கள்.

எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தப் பெட்டியை எப்படி ஆஃப் செய்வது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதை யாராவது சொல்லித் தருவார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வார்த்தையைப் பற்றி. குளோன். நம் பண்ணையில் லேபிலும் அந்த வார்த்தை ஓடுகிறது, சர்வர் ரூமிலும் ஓடுகிறது. அதன் அர்த்தத்துக்காகத்தான் என் வேலை போனது. அதனால் கொஞ்சம் கவனமாகவே படியுங்கள்.

நீங்கள் சேர்ந்திருப்பது கடல்பாசி நாற்றுப் பண்ணை. உள்ளே நான்கு பெரிய தொட்டிகள், அவற்றில் தாய்ப்பாசி. அதிலிருந்து துண்டு துண்டாகக் கிள்ளி, தேவிபட்டினம் கரையில் இருக்கும் பெண்கள் குழுக்களுக்குக் கொடுக்கிறோம். அவர்கள் அதைக் கயிற்றில் வரிசையாக முடிந்து, மூங்கில் மிதவையில் கட்டிக் கடலில் விடுகிறார்கள். விரல் அளவு துண்டு கொத்தாகப் பெருத்ததும் அறுத்துக் காயவைத்து நமக்கே விற்கிறார்கள். விதை கிடையாது, முளை கிடையாது. கிள்ளிக் கட்டினால் வளரும். அதாவது நான்கு தொட்டியிலும், கரை முழுக்க மிதக்கும் மிதவைகளிலும் இருப்பது, ஒரே ஒரு செடி. அதுதான் குளோன்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதை அய்யாவிடம் போனில் சொன்னேன். அய்யா என்றால் என் அப்பா, கமுதியில் மிளகாய் போடுபவர்.

"குளோனிங்னா, ஆட்டுக்குட்டி பண்ணுனாய்ங்களே, அதுவா?"

"அதேதான் அய்யா. ஆனா ஆட்டுக்கு ஊசி, குழாய், பெரிய பெரிய டாக்டர் எல்லாம் வேணும். பாசிக்கு நகம் போதும்."

"நகத்தால கிள்ளுறதுக்கா ஒன்னய இஞ்சினியரிங் படிக்க வச்சேன்?"

போனை வைத்துவிட்டேன். கேள்வி நியாயமானதுதான்.

சினிமா பார்த்துக் கெட்டவர்கள் நாம் எல்லோரும். குளோன் என்றால் டபுள் ஆக்ட் என்று நினைப்போம். ஒருவன் நல்லவன், ஒருவன் கெட்டவன், கடைசியில் சண்டை. உண்மையில் குளோனில் சண்டையே வராது. எல்லோரும் ஒரே பதிலைச் சொல்லுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. இதை நான் முதலில் கற்றது பாசியிடம் இல்லை, என் சொந்த சர்வர் ரூமில்.

எனக்கு முன்னால் இந்த வேலையில் இருந்தவர் பெரிய கெட்டிக்காரர். தொட்டிக்கு ஒரு பெட்டி வைத்தார். தண்ணீரின் சூட்டை அளந்து சர்வருக்கு அனுப்பும் சின்னக் கம்ப்யூட்டர். முதல் தொட்டியின் பெட்டியை உட்கார்ந்து உருப்படியாகச் செய்தவர், மற்ற மூன்றுக்கும் அதன் மெமரி கார்டை அப்படியே குளோன் எடுத்துச் செருகிவிட்டுச் சென்னைக்குப் போய்விட்டார். கார்டை குளோன் எடுத்தால் நமக்கு வேண்டியது மட்டும் வராது, முழுசும் வரும். அந்தக் கார்டுக்குள் 'என் பெயர் தொட்டி ஒன்று' என்று இருந்தது. ஆக நான்கு பெட்டியும் சர்வரிடம் போய் 'நான்தான் தொட்டி ஒன்று' என்று சொல்லிக்கொண்டிருந்தன. சர்வர் பாவம், நான்கு பேர் சொன்ன சூட்டையும் ஒரே ஆளின் கணக்கில் போட்டு, சராசரி எடுத்து, அந்த ஒரே எண்ணைச் சுவரில் இருக்கும் திரையில் நான்கு வட்டத்திலும் பச்சையாகக் காட்டியது. அது மேனேஜருக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"பாத்தீங்களா, நாலு தொட்டியும் ஒரே சூடு! துல்லியம்!" என்பார் வருகிறவர்களிடமெல்லாம்.

எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. வெயில் படும் தொட்டியும் நிழல் விழும் தொட்டியும் எப்படி ஒரே எண்ணைக் காட்டும்? ஒருநாள் பெரிய ஆட்கள் பண்ணையைப் பார்க்க வருவதாக இருந்தது. பந்தல், பொன்னாடை, இளநீர் எல்லாம் தயார். திரையில் நான்கு வட்டமும் பச்சை. நான் சும்மா போய் மூன்றாவது தொட்டிக்குள் கையை விட்டேன். வெந்நீர். குளிர்ந்த தண்ணீர் ஏற்றும் மோட்டார் எப்போதோ நின்றுபோயிருக்கிறது. மற்ற மூன்றும் குளிர்ச்சியாக இருந்ததால் சராசரி லேசாகத்தான் ஏறியிருந்தது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் வாசலில் மாலையோடு நிற்கிறார்.

"சார், மூணாவது தொட்டி வேகுது. தண்ணிக்குள்ள ஒயர் கெடக்கு, பெட்டி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டு மத்த தொட்டியில இருந்து கையால தண்ணி மாத்தணும்."

"திரையில என்ன இருக்கு?"

"பச்சை."

"அப்பறம் என்னம்மா? கார் உள்ள வந்துருச்சு. எதயும் தொடாத."

தொட்டேன். நான்கு பெட்டியின் பிளக்கையும் பிடுங்கினேன். வந்தவர்கள் பார்த்தது கறுப்புத் திரையையும், சுடிதாரை இடுப்பில் செருகிக்கொண்டு வாளியோடு ஓடும் என்னையும்தான். மூன்றாவது தொட்டியில் பாதிப் பாசி பிழைத்தது. எனக்கு மெமோ வந்தது. மெமோ வாங்கப் பயப்படாதீர்கள் தம்பி தங்கைகளே, வெறும் காகிதம். நான்கு பொருட்கள் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கின்றன என்று யாராவது பெருமைப்பட்டால், முதலில் கையை உள்ளே விட்டுப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் லேப் மேடம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். இவர் பெயரைச் சொல்லமாட்டேன், இன்னும் அங்கேதான் வேலை செய்கிறார். கடல் தாவரம் படித்தவர். யாரையும் பாராட்ட மாட்டார்.

"உன் கார்டுக்கும் என் பாசிக்கும் ஒரே வியாதி புள்ள," என்றார்.

"நான் பேர மாத்திட்டேன் மேடம். இப்ப நாலும் வேற வேற ஆளு."

"நீ மாத்திருவ. நான் எப்படி மாத்துவேன்? ஒரு கோடைல வெயிலு வந்து 'தாங்குவியா'ன்னு ஒரு செடிகிட்ட கேட்டுச்சுன்னா, கரை முழுக்கக் கேட்ட மாதிரிதான். அது முடியாதுன்னா, அத்தனையும் முடியாது."

"அப்ப பேக்கப்?"

"தாய்த் தொட்டி இருக்குல்ல."

"அது பேக்கப் இல்ல மேடம். அதுவும் அதே செடிதானே. எங்க கம்ப்யூட்டர் ஆளுங்ககிட்ட வைரஸ் புடிச்ச டிஸ்க்க காப்பி பண்ணி வச்சுட்டு பேக்கப்னு சொன்னா அடிப்பாய்ங்க."

மேடம் டீயைக் கீழே வைத்தார். பாராட்டவில்லை. ஆனால் வைத்தார்.

அந்தக் கோடை வந்தது. சித்திரையில் காற்று விழுந்து, கடல் குளம் மாதிரி அசையாமல் கிடந்தது. பாசிக்கு ஓட்டம் இல்லாத சூடான தண்ணீர் ஆகாது. கிளைகள் வெளுத்து, மெழுகு மாதிரி இளகி, முறிந்து விழ ஆரம்பித்தன. ஒரு மிதவை, பத்து மிதவை என்று இல்லை, எல்லாம். ஏனென்றால் எல்லாம் ஒன்று.

மிதவைகளைப் படம் எடுத்து ஆப்பில் ஏற்றுவது என் வேலை. அதனால் மேடத்தோடு நானும் கரைக்குப் போனேன். அங்கே பஞ்சவர்ணம் அக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு கம்பெனியை வம்சத்தோடு திட்டிக்கொண்டிருந்தார். குழுவின் தலைவி. குரல் ராமநாதபுரம் வரைக்கும் கேட்கும்.

"வா ஆத்தா, வா. போட்டோ புடி. நல்லாப் புடி. எளவு வீட்டுக்கு போட்டோ புடிக்க வந்த மொத ஆளு நீதான்."

நான் படம் எடுத்தேன். கயிறு கயிறாக வெள்ளை. அவருடைய மிதவையின் ஓரத்தில் ஒரு கயிற்றில் மட்டும் கொஞ்சம் கொத்துகள் கறுப்பாக, முறுக்காக நின்றன. கையில் அழுத்தினால் இளகவில்லை. கிளைகள் கோணல் மாணலாக, குட்டையாக, பார்க்க அசிங்கமாக இருந்தன.

"மேடம், இது என்ன வேற செடியா?"

"தெரியாது," என்றார் மேடம். "நம்ம செடியிலயே எப்பவாவது ஒரு கிளை மாறிப் போகும். இல்ல, இந்த மூலையில தண்ணி கொஞ்சம் குளிர்ச்சியா இருந்திருக்கும். ரெண்டுல எதுன்னு இங்கன நின்னு சொல்ல முடியாது."

"பண்ணைக்கு எடுத்துட்டுப் போலாமா?"

மேடம் யோசித்தார். நம் பண்ணையில் ஒரு விதி உண்டு, உங்களிடமும் சொல்லியிருப்பார்கள். கடலுக்குப் போன பாசி திரும்ப உள்ளே வரக்கூடாது. மிதவை வெளுத்தால் எல்லாவற்றையும் அறுத்து எறிந்துவிட்டு, தாய்த் தொட்டியிலிருந்து புதிதாகக் கிள்ளிக் கட்ட வேண்டும். விதி முட்டாள்தனமானது இல்லை. கடல் நோய் தாய்த் தொட்டிக்குள் வந்தால் எல்லாக் குழுவுக்கும் அடுத்த பருவம் போச்சு. மேடம் பயந்தது அதற்குத்தான்.

என் அறையின் புத்தியைத்தான் நான் சொன்னேன். "தெரியாத டிஸ்க் வந்தா மெயின் மெஷின்ல சொருக மாட்டோம் மேடம். அதுக்குன்னு தூக்கியும் எறிய மாட்டோம். தனியா ஒரு மூலையில, எதோடயும் ஒட்டாம வச்சுப் பாப்போம்."

"எந்த மூலை? ஏசி இருக்குற மூலை வேணும். மேனேஜர் ரூம் மேசை மேலயா வைப்ப?"

"சர்வர் ரூமுலயும் ஏசி இருக்கு."

மேடம் முதல்முறையாகச் சிரித்தார். பஞ்சவர்ணம் அக்கா சிரிக்கவில்லை.

"ஏத்தா, முழுசா அறுத்துக் காட்டுனாத்தான் புது நாத்து தருவேன்னு ஒங்க மேனேஜர் சொல்லிருக்கான். ஒங் கம்ப்யூட்டரு வெளையாட்டுக்கு எங் குழுவுல மண்ணு போடவா பாக்குற? இத வச்சிருக்கேன்னு தெரிஞ்சா எங்கள நீக்கிருவான்."

"நீங்க வச்சிருக்க வேண்டாம் அக்கா. நான் திருடிட்டுப் போறேன்."

"இந்த அசிங்கத்தயா? பாசி மேயுற ஓரா மீனுகூட இதக் கடிக்காது." கயிற்றை உருவி என் மேல் எறிந்தார். "கொண்டு போ. எம் பேரு வெளிய வந்துச்சு, ஒன்னய இந்தத் தண்ணிக்குள்ளயே முடிஞ்சு விட்டுருவேன்."

இப்படித்தான் நம் சர்வர் ரூமுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி வந்தது. மீன் தொட்டிக்கு வைக்கும் காற்றுக் குழாய், மேலே டியூப் லைட். கேனில் கடல் தண்ணீர். அதற்கென்று தனி வாளி, தனி துணி. அதைத் தொட்ட கையோடு லேபுக்குள் போகக் கூடாது என்று என்னிடம் மேடம் சத்தியம் வாங்கினார். சர்வருக்குப் பக்கத்தில் உப்புத் தண்ணீர் வைப்பது எவ்வளவு பெரிய பைத்தியக்காரத்தனம் என்று உங்கள் கல்லூரியில் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அதனால் சர்வரைத்தான் எதிர்ச் சுவருக்கு நகர்த்தினேன்.

வாசனை காட்டிக் கொடுத்தது. மேனேஜர் கதவைத் திறந்து மூக்கைப் பொத்தினார்.

"ஏம்மா, இது சர்வர் ரூமா, மீன் மார்க்கெட்டா?"

விஷயத்தைச் சொன்னேன். பஞ்சவர்ணம் அக்கா பெயரை மட்டும் சொல்லவில்லை.

"இன்னைக்கே இத ஊத்திரணும்."

"மாட்டேன் சார்."

"என்னது?"

"தாய்ப்பாசிக்கு ஏதாவது ஆச்சுன்னா நம்மகிட்ட வேற ஒண்ணும் கெடையாது சார். இது ஒண்ணுதான் வேற. என்னையத் தூக்கணும்னா தூக்குங்க. இதத் தூக்குனா கொழுப்பெடுத்து நானே மேலிடத்துக்கு எழுதிப் போடுவேன், எதுக்குத் தூக்குனீங்கன்னு."

என்னைத் தூக்கினால் சர்வரைப் பார்க்க ஆள் இல்லை என்பது அவருக்குத் தெரியும். கதவைச் சாத்திவிட்டுப் போனார். திறமை இருக்கிற இடத்தில் திமிரைக் கொஞ்சம் செலவு செய்யலாம். ஆனால் நல்ல காரியத்துக்கு மட்டும்.

அதற்குள் கரையில் எல்லா மிதவையும் அறுக்கப்பட்டு, தாய்த் தொட்டியிலிருந்து புதிய துண்டுகள் கட்டப்பட்டன. கடல் இன்னும் அசையவில்லை. அதே கேள்வி, அதே செடி. புதியதும் வெளுக்க ஆரம்பித்தது. பஞ்சவர்ணம் அக்கா எனக்குப் போன் செய்து வெளுத்த கயிறுகளை எண்ணிச் சொன்னார். அந்தக் குரலில் ஒரு திட்டுகூட இல்லாதது எனக்குப் பொறுக்கவில்லை.

சர்வர் ரூம் தொட்டியிலும் கொண்டாட ஒன்றும் இல்லை. கொண்டுவந்த கொத்துகளில் பாதி அழுகிவிட்டன. மிச்சம் நின்றவை முறுக்காகத்தான் நின்றன.

"ஏசியில நானும்தான் முறுக்கா நிப்பேன்," என்றார் மேடம். "கடல்ல நிக்குதான்னு பாக்கணும். போட்டுப் பாத்தாத்தான் தெரியும்."

"செத்துட்டா?"

"செத்துட்டா செத்துருச்சு."

இங்கேதான் எனக்கு என் வேலை புரிந்தது. கம்ப்யூட்டரில் புரோகிராம் எழுதும்போதும் குளோன் எடுப்போம் இல்லையா? எதற்கு எடுப்போம்? அப்படியே வைத்துப் பூஜை செய்யவா? ஒன்றைப் பத்திரமாக வைத்துவிட்டு, மற்றொன்றில் துணிந்து கைவைக்கத்தான். அந்தக் கோணல் பாசியை பிளேடால் இரண்டாகப் பிரித்தோம். பாதி டியூப் லைட்டுக்குக் கீழே. பாதி கடலுக்கு. குளோனைத் திட்டித் திட்டிக் கடைசியில் குளோன் எடுத்துத்தான் அதைக் காப்பாற்றினேன், கவனித்தீர்களா? நகல் எடுப்பது தப்பே இல்லை. நகலை மட்டுமே வைத்திருப்பதுதான் தப்பு.

பஞ்சவர்ணம் அக்கா மிதவையில் இடம் கேட்டோம்.

"ஒரே ஒரு கயிறு தாரேன். அதுவும் ஓரத்துல. செத்துச்சுன்னா அங்கனயே நின்னு ஒப்பாரி வச்சுட்டுத்தான் போகணும் நீ."

"எனக்கு ஒப்பாரி வராதுக்கா."

"கத்துக்க. இந்தக் கம்பெனியில இருந்தா தேவப்படும்."

பக்கத்துக் கயிறுகளில் தாய்ப்பாசி வெளுத்து முறிந்தது. நம் கோணல் பாசி நுனியில் மட்டும் வெளுத்தது. பிறகு நின்றது. பிறகு மெதுவாக, யாருக்கும் அவசரம் இல்லாத மாதிரி, வளர்ந்தது. அக்கா அதை நம்பவில்லை, தினமும் நகத்தால் கீறிப் பார்த்தார். நகம் இறங்கவில்லை. காற்று திரும்பி அடித்தபோது மற்ற குழுக்களில் அங்கங்கே தப்பிய ஓரிரு கொத்தைத் தவிர, கரையிலேயே அந்த ஒரு கயிறுதான் முழுசாகக் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதைத் தோளில் போட்டுக்கொண்டு கரை முழுக்க நடந்து காட்டினார். பொன்னாடை மாதிரி.

இங்கே முடிந்திருந்தால் நான் இந்தப் பஸ்ஸில் இருக்க மாட்டேன்.

மேனேஜருக்கு விஷயம் போனது. அவர் சர்வர் ரூமுக்கு வந்தார். இந்த முறை மூக்கைப் பொத்தவில்லை. இனிப்பு கொண்டுவந்திருந்தார்.

"சூப்பர்மா! நாலு தொட்டியையும் காலி பண்றோம். பழசு எல்லாம் வெளிய. இத மட்டும் கிள்ளிக் கிள்ளிக் கரை முழுக்கக் கட்டுறோம். சிஸ்டத்துல மத்த பாசிக் கணக்கு எல்லாத்தையும் அழிச்சுரு. இனி இதுதான் மாஸ்டர்."

தண்ணீர் மாற்ற வந்திருந்த மேடத்தைப் பார்த்தேன். மேடம் சுவரைப் பார்த்தார்.

"சார், ஒரு கோடைய வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார் மேடம். "இது சூட்டுக்கு நிக்குது. மழைத்தண்ணி கலந்தா நிக்குமா? தெரியாது. அதுக்கு ஒருவேளை பழசுதான் நிக்கும்."

"ரெண்டு மூணு வகை வச்சுக்கிட்டு யாரு மேய்க்குறது? வாங்குறவன் ஒரே மாதிரி கேக்குறான். அழிம்மா."

"அழிக்க மாட்டேன் சார்," என்றேன். "போன தடவ ஒரே செடிய நம்பிச் செத்தோம். இந்தத் தடவயும் ஒரே செடியத்தான் நம்பப் போறோம். செடி மட்டும்தான் மாறிருக்கு. நீங்க மாறல."

மேனேஜர் இனிப்பு டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு போனார். அப்படி யாரும் அவரிடம் பேசியதில்லை போல. சர்வர் வேலைக்கு வெளியிலிருந்து புது ஆள் எடுக்க அவர் ஏற்கெனவே ஏற்பாடு செய்துவிட்டார் என்பது எனக்கு அடுத்த நாள்தான் தெரிந்தது. ராஜினாமா என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். அழிக்கவில்லை.

பஸ் ஏறும் முன் கரைக்குப் போனேன். பஞ்சவர்ணம் அக்கா மிதவை கட்டிக்கொண்டிருந்தார். கோணல் பாசி வரிசையாக இருந்தது. நடுவில் இரண்டு கயிறு மட்டும் வேறு நிறம். பழைய பாசி.

"என்னக்கா இது? பழசெல்லாம் தூக்கி எறியச் சொல்லி மேனேஜர் சொன்னாரே?"

"சொன்னான்."

"அப்பறம்?"

"அவன் சொன்னா நான் எறியணுமா? எங் கயிறு, எங் கடலு." பல்லால் முடிச்சை இறுக்கினார். "நீ எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? வேல போனா என்ன? மொளகாக் காட்டுக்குப் போயி நாலு நாளு நில்லு, வெயிலுன்னா என்னன்னு தெரியும். தெரிஞ்சதும் திரும்பி வா."

"வாரேன்க்கா."

"வாரேன்னு சொல்லிட்டுச் சென்னைக்கு ஓடிறாத, ஒனக்கு முந்துனவன் மாதிரி."

அவ்வளவுதான். இனி உங்கள் பாடு.

சர்வர் ரூமில், எதிர்ச் சுவரோரம், டியூப் லைட்டுக்குக் கீழே அந்தத் தொட்டி இன்னும் இருக்கிறது. உள்ளே கோணல் பாசியும் இருக்கும், பழைய பாசியும் இருக்கும், வேறு குழுக்களின் மிதவையில் தப்பி நின்ற இன்னும் சில கொத்துகளும் இருக்கும். நடுவில் தடுப்பு போட்டு வைத்திருக்கிறேன், ஒன்றோடொன்று ஒட்டவிடாதீர்கள். தண்ணீர் மாற்ற மேடம் வருவார். வரும்போது அவருக்குக் கதவைத் திறந்துவிடுங்கள், அவர் கேட்கமாட்டார்.

உங்கள் முதல் வாரத்திலேயே மேனேஜர் வந்து அதைக் காட்டி, "இது என்னம்மா, இன்னும் இங்க கெடக்கு?" என்று கேட்பார்.

"பேக்கப் சார்" என்று சொல்லுங்கள்.

ஊற்றச் சொல்லுவார். சர்வர் பிளக்கில் கைவைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பாருங்கள். மெமோ வந்தால் வாங்கி, தொட்டிக்கு மேலே ஒட்டிவிடுங்கள். என்னுடையதும் அங்கேதான் ஒட்டியிருக்கிறது.